பின்னங்கால்

பழைய பேப்பர் கடையில்
பாடப்புத்தகக் கட்டுகளின் மேல்
விலாப்பக்கமாகப் படுத்துக் கிடந்தது.
ஒரு காது இல்லை. இடது பின்னங்கால் பாதிதான்.
நூற்றைம்பது என்றார்.
மூணு காலுக்கு எவ்வளவு என்றேன்.
சிரிக்காமல் நூற்றிருபதுக்குத் தந்தார்.

ஆனந்தகிரியில் ஒற்றை அறை.
ஸ்டவ்வைத் தள்ளிவைத்து
போன வாரச் செய்தித்தாளை விரித்துக் கிடத்தினேன்.
வயிற்றுக்கு அடியில்
வார்த்தெடுத்த கம்பெனியின் பெயர், ஓர் எண்.
எனக்கும் உண்டு ஓர் எண்,
படகுத்துறை டிக்கெட் கவுண்டரில்
சட்டைப் பையில் குத்திக்கொள்ள.

சைக்கிள் ஸ்போக்கைத் துண்டாக்கி
சூடுபண்ணி உள்ளே இறக்கினேன்.
பிளாஸ்டிக் கருகும் வாசனையில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
எம்சீல் இரண்டையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து
கம்பியைச் சுற்றி அப்பினேன்.
காலையில் பார்த்தால்
குதிரைக்கு மரவள்ளிக்கிழங்கு முளைத்திருந்தது.

இரண்டு இரவுகள் உப்புத்தாள் போட்டேன்.
கால் மெலிந்தது, கூடவே என் நகமும்.
ஆனாலும் அது
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஆளைப் போல நின்றது.
என் முழங்காலைப் பார்த்துச் செய்திருந்தேன்.

பதினோரு வருடமாக
என் கவுண்டருக்கு எதிரேதான் நிற்கின்றன
சவாரிக் குதிரைகள்.
மிதிபடகு, துடுப்புப்படகு, மழை நாள், சீசன் நாள்
எந்தக் கட்டணமும் தூக்கத்தில் சொல்வேன்.
பின்னங்கால் எப்படி மடியும் என்று
தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் போய்
செபஸ்தியின் ரீட்டாவுக்குப் பின்னால் குந்தினேன்.
'என்ன சார், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?'
'பின்னங்காலை.'
'தள்ளி உக்காருங்க. உதைச்சா முன்னங்காலும் போயிரும்.'

தள்ளி உட்கார்ந்து பார்த்தேன்.
முழங்கால் அங்கே மேலே,
வயிற்றோடு ஒட்டி ஒளிந்திருக்கிறது.
நான் முழங்கால் என்று நினைத்தது குதிகால்.
பிறந்த நாள் முதல்
விரல்நுனியிலேயே நிற்கிற பிராணி.
குதிகால்:
சொல்லிலேயே இருந்திருக்கிறது
பாதிக் குதிரை.

உடைத்தேன். மறுபடி கட்டினேன்.

நிறத்துக்கு வந்தபோது ஐப்பசி.
ஸ்டேஷனரிக் கடை டப்பாவில் பர்ன்ட் சியன்னா.
செபஸ்தி சொன்னது செவலை.
நனைந்த ரீட்டா வேறு, காய்ந்த ரீட்டா வேறு,
மேகத்துக்குள் போன ரீட்டாவுக்கு
நிறமே கிடையாது.
மூன்று நாளாகியும் பெயிண்ட் காயவில்லை.
தொட்டுப் பார்த்த இடத்தில்
என் கட்டைவிரல் ரேகை.
கீழ்வீட்டு பார்லர் கலைமதியிடம்
தலைமுடி உலர்த்தியைக் கேட்டேன்.
'உங்க தலைக்கா சார்?' என்று
என் வழுக்கையைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.
சூடு அதிகமாகி முதுகு கொப்பளித்தது.
சுரண்டினேன். மீண்டும். மீண்டும்.

ரீட்டாவின் முதுகில்
சேணம் அரித்து ஆறிய இடத்தில்
முடி வெள்ளையாக வளர்ந்திருக்கிறது,
ஐம்பது காசு அளவுக்கு இரண்டு.
விற்பனைக்கு வரும் பொம்மைகளில்
அப்படி இருக்காது, தெரியும்.
தீக்குச்சி முனையில் வெள்ளையைத் தொட்டு வைத்தேன்.
இத்தனை நாளில்
ஒரே தடவையில் சரியாக வந்தது அதுதான்.

கவுண்டருக்கு எடுத்துப் போனேன்.
செபஸ்தி ஜன்னல் வழியே கைநீட்டி வாங்கி
காலைப் பார்க்கவில்லை.
முதுகைப் பார்த்தான்.
வெள்ளைமேல் பெருவிரலை
வைத்து எடுத்தான்.
'காது?' என்றான்.
'இன்னும் போகலை.'
'சவாரி வந்திருக்கு சார்' என்று போய்விட்டான்.

மேசையில் நிறுத்தினேன். ஆடியது.
இடது பின்னங்கால்
ஒரு நூல் குறைச்சல்.
கிழித்த டிக்கெட் ஒன்றை நாலாக மடித்து
குளம்புக்கு அடியில் செருகினேன்.
மிதிபடகு, நான்கு பேர், அரை மணி நேரம்.
நிற்கிறது.