படுக்கப் போட்ட கதவு

கீரைத்துறையில் பழைய மரம் விற்கும் கடையில்
மேசை இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.
மேசை மூவாயிரத்து ஐந்நூறு.
சுவரில் சாய்ந்து நின்ற கதவு எண்ணூறு.
"தேக்குன்னு பொய் சொல்ல மாட்டேன், வேம்புதான்.
கரையான் கிட்ட வராது" என்றார்.
ஐம்பது குறைத்துக்கொண்டார்.
குட்டியானைக்காரர் வில்லாபுரம் வரைக்கும்
முந்நூறு வாங்கிக்கொண்டார்.

பக்கத்துக்கு ஒன்பது செங்கல், மேலே கதவு.
முழங்கை நேராக மடிய வேண்டும்,
முழங்கால் இடிக்கக் கூடாது.
ஒன்பதுக்குத் தாழ்ந்தது, பத்துக்கு உயர்ந்தது,
ஒன்பதோடு ஆளுக்கொரு கணக்குப் புத்தகம் வைத்ததும்
நின்றது.

பூட்டைக் கழற்றியிருந்தார்கள்.
அந்த ஓட்டை வழியாகச் சார்ஜர் வயர் இறங்குகிறது.
தாழ்ப்பாளை மட்டும் மறந்துவிட்டிருந்தார்கள்.
தினமும் ஒன்பது மணிக்கு அதைத் தள்ளிப் போட்டுவிட்டு
வேலையை ஆரம்பிக்கிறேன்.
எதை அடைக்கிறது என்று கேட்காதீர்கள்.

சுவரில் துளை போட
வீட்டுக்காரர் திரவியம் விடவில்லை.
நெட் வயர் ஜன்னல் வழியாக வந்தது.
அன்றிலிருந்து ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தே இருக்கிறது,
வயரோடு கொசுவும் வருகிறது.
பராமரிப்பு என்று மாதம் ஒருநாள் கரண்ட் போனால்
இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும்,
ஃபேனை நிறுத்தினால் ஐந்து.
நான் ஐந்தைத் தேர்ந்தெடுப்பேன்.

முதல் மீட்டிங்கில் பீரோ கண்ணாடியை யோசிக்கவில்லை.
எனக்குப் பின்னால் அதில் அடுப்படி தெரிந்தது,
அடுப்படியில் கைலியோடு பல் துலக்கும் சோலைராஜா.
பெங்களூரில் பதினொரு பேர்
முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தார்கள்.
இப்போது கண்ணாடி மேல் ஜவுளிக்கடைக் காலண்டர்.

வேலை இதுதான்:
அயோவாவில் யாருக்கோ முழங்கால் மாற்றியிருக்கிறார்கள்.
இடதா, வலதா,
விழுந்ததாலா, தேய்ந்ததாலா,
மருத்துவர் எழுதியதைப் படித்து
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட வேண்டும்.
எண் பிசகினால் பணம் வராது.
ஒரு நாளைக்கு அறுபது பேர்.
அவனியாபுரம் பக்கம் விமானம் தாழும்போது
மைக்கை அணைக்க வேண்டும்,
அது தரையிறங்கியதும் போட வேண்டும்.
இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று.
இந்த அறைக்குக் கதவு கிடையாது.
கட்டும்போதே வைக்கவில்லை, ஒரு திரை தொங்குகிறது.
திரையை விலக்கிக்கொண்டு சிலிண்டர்காரர் கேட்பார் சில்லறை.
ஏலச்சீட்டுப் பணத்தோடு பூமயில் வருவாள்,
உட்கார்ந்து எண்ணுவாள், பிறகு உட்கார்ந்தே இருப்பாள்.
மோட்டார் போட, பார்சல் வாங்க,
மேல்வீட்டுத் துணி பறந்து விழுந்தால் எடுத்துக் கொடுக்க,
"வீட்லதான இருக்க."
இந்த மூன்று வார்த்தைக்கு
என்னிடம் எண் இல்லை.

"கதவ வாங்கிப் படுக்கப் போட்டிருக்கியே,
நிமித்தி அந்த வாசல்ல மாட்டலாம்ல" என்றார் சோலைராஜா,
சாப்பிட்டுக்கொண்டே.
நல்ல யோசனைதான்.
மாட்டலாம்.
உள்ளே தரையில் உட்கார்ந்து
மடியில் வைத்து எண் போடலாம்.
அளந்தும் பார்த்தேன்.
வாசல் நான்கு விரல் குறுகல்.
அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை, பள்ளி அரைநாள்.
காதில் பிரணவ் இந்த வாரப் பிழைகளை வாசிக்கிறான்,
என் பெயரில் இரண்டு.
எங்கிருந்தோ டொக் டொக்.
திரையில் யாரும் இல்லை.
மறுபடி டொக் டொக்,
என் மணிக்கட்டுக்கு நேர் கீழே.
குனிந்தால் மகிழினி,
செங்கலுக்கு நடுவில் சம்மணமிட்டு,
வயர் போகும் ஓட்டையில் ஒரு கண்.

இந்த வீட்டில் என்னிடம் வர
யாரும் தட்டியதில்லை.
மைக்கை அணைத்தேன்.
தாழ்ப்பாளை இழுத்தேன், க்ரீச் என்றது.
"யாரு?"
"நாந்தான்."
"என்ன வேணும்?"
"ஒண்ணுமில்ல.
தட்டிப் பாத்தேன்."