நாக்கின் எடை

வடாலா ட்ரக் டெர்மினலுக்குப் பின்னால்
எடைமேடை எண் இரண்டு. என் மேசை அங்கே.
அமலோற்பவம் என்ற பேரை
அமல் தீதி என்று சுருக்கிவிட்டார்கள்.
பதினோரு வருடமாக எல்லோரும் என்னிடம்
ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள்:
காலி வண்டிதான், தீதி.

அன்று வந்தது ஒரு படகு.
முப்பத்து நாலு அடி. வெள்ளை. விலாவில் ‘ஷிரின்’.
தாருகானாவிலிருந்து ஊர்ந்து வந்ததற்கே
ட்ரெய்லரின் டயர்கள் கொதித்துக் கிடந்தன.
முன்னால் பூட்டியிருந்தது கறுப்பு பிக்கப்,
சீட்டில் பாலிதீன் உறைகூடக் கிழிக்கவில்லை.

ஹோஷங் சேட் இறங்கி, மூன்றரை டன், என்றார்.
வண்டியும் மூன்றரை டன் இழுக்குமாம்,
வழவழத் தாளில் அச்சடித்திருக்கிறார்களாம்.
லோனாவ்லா ஏறவேண்டும்,
அந்தப் பக்கம் பாவனா ஏரிக்கு இறங்கவேண்டும்.
மனைவிக்கு இப்போதெல்லாம் கடல் ஒத்துக்கொள்வதில்லை,
அலையில்லாத தண்ணீர் கேட்கிறாள்.

மேடையில் ஏற்றினேன். சிவப்பு எண்கள் தடுமாறி
ஐயாயிரத்து எண்ணூற்று அறுபதில் நின்றன.
வெறும் கூட்டை எடைபோட்டுத்தானே
உங்களுக்கு விற்றான், சேட்?
இரண்டு எஞ்சின், முட்ட முட்ட டீசல், நங்கூரம், சங்கிலி,
போன மழைக்கு அடிவயிற்றில் தேங்கியது,
எல்லாவற்றையும் சுமக்கும் இந்த இரும்பு,
இதெல்லாம் யார் கணக்கில்?

அவர் கர்ச்சீப்பை மடித்தார்.
மடித்ததையே மறுபடி மடித்தார்.

ட்ரெய்லரின் முன்னால் நீளும் இரும்புக்கு
நாக்கு என்று பேர்.
மொத்தத்தில் பத்திலொரு பங்கு அதன்மேல் உட்காரவேண்டும்.
கூடினால் வண்டி பின்னால் குந்திக்கொள்ளும்.
குறைந்தால் வால் ஆடும்,
வால் ஆடத் தொடங்கினால்
ஸ்டியரிங் பிடித்தவன் வெறும் பயணி.
நாக்கை மட்டும் நிறுத்துப் பார்த்தேன்: இருநூற்றுப் பத்து.
கனமில்லாத நாக்கு புரளும்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எடைமேடை வேண்டாம்,
ஒருத்தன் பேச்சை நம்பித்தான்
இந்த ஊருக்கு ரயிலேறினேன்.

யாதவ் தன் புது ஆறு சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
காலி எடை நாலு டன்.
இழுத்துவிடுவாய் தம்பி, ஏற்றத்தில்.
இறக்கத்தில் நாய்
எஜமானை இழுத்துக்கொண்டு ஓடும்.
இழுக்க எஞ்சின் போதும்.
நிறுத்த உடம்பு வேண்டும்.

மூலையில் நின்றது ஷபீர் முகாதமின் பத்துச் சக்கரம்.
மணல் இறக்கிவிட்டு வந்த தூசி. ஒரு பக்கக் கண்ணாடி கயிற்றில்.
காலியாகவே பத்தரை டன்.
ட்ரெய்லர் பிரேக்குக்குக் காற்றுக்குழாய் உண்டா?
லைனிங் எப்போது மாற்றினாய்?
பின் டயர் எந்த வருடம்?
“பெண் கொடுக்கிற வீட்டில்கூட
என்னை இவ்வளவு கேட்கவில்லை, தீதி.”

இதுவா, என்றார் சேட். ஷிரினுக்கு முன்னால் இதுவா.

அடைப்பானைத் திறந்தோம்.
போன வருட மழை சாக்கடையைத் தேடி ஓடியது,
நடுவில் ஒரு செருப்பும்.
கிரேன்காரன் வைதுகொண்டே
படகை முன்னால் தள்ளி வைத்தான், ஒன்றரை முழம்.
மறுபடி மேடை: ஐயாயிரத்து முந்நூறு.
மறுபடி நாக்கு: ஐந்நூற்று நாற்பது.

மூன்று தடவை நிறுத்ததற்குக் காசு வாங்கினேன்.
சொன்னதற்கு வாங்கவில்லை,
அதற்கு ரசீதுப் புத்தகத்தில் பத்தி கிடையாது.

இரவு பதினொன்றுக்குமேல்தான் அனுமதி.
வாலில் சிவப்பு விளக்கு, கூடவே ஒரு சிவப்புத் துணி.
பிக்கப் பின்னால் போனது,
சேட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் சுமந்துகொண்டு.
அதற்குத் தக்க பாரம்.

விடியும்போது ஷபீர் போன் செய்தான்.
ஏரி தெரிகிறது, தீதி. கியர் இரண்டிலேயே வந்தேன்.
முதுகில் ஒரு தடவைகூடக் கை வைக்கவில்லை.
நடுவில் சந்தேகம் வந்து நிறுத்தினேன்,
படகு இருக்கிறதா என்று
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.