நிகர எடை

என் பழைய கைப்பேசியின் முதுகு
பூரியாய் உப்பிவிட்டது.
மூடி பிளந்து உள்ளே பேட்டரி தெரிகிறது.
“வெடிக்கப் போகுது கா, தூக்கிப் போடுங்க” என்கிறான்
லோரி ஓட்டும் ஜீவனேசன்,
தராசில் ஏறும் ஒவ்வொரு முறையும்.

லாபிஸ் பட்டணத்துக்கு வெளியே
செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருஷமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை.
குலைக்கடியில் கல் வைப்பவனைத் தெரியும்.
தண்ணீர் ட்ரம்மோடு ஏறி
பழத்தைக் கொட்டும் இடத்தில் தண்ணீரையும் கொட்டிவிட்டு
வெறும் வண்டியாய் வருகிறவனையும் தெரியும்.
என்னிடம் போய்
நூற்றெட்டு மெகாபிக்சல் என்று ஸ்டிக்கர் ஒட்டினால்?

சனிக்கிழமை, அரை நாள் வேலை.
ரயில் நிலையத்து எதிரே மெய் லிங் கடை.
கைப்பையில் ஐந்நூறு வெள்ளி,
அதற்குமேல் ஒரு காசு இல்லை.

“இது நல்ல பிராண்ட். அறுநூற்று நாற்பத்தொன்பது.”
அந்தப் பெயர் எனக்கும் தெரியும்;
சாலையோரப் பலகையில் நடிகை ஒருத்தி
அதைக் கன்னத்தில் ஒற்றியபடி மழையில் நனைகிறாள்.
அவள் சம்பளத்தில் என் பங்கு எவ்வளவு என்று
மனசு கழித்துப் பார்க்கிறது.

“இது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.”
ஸெல்மோரா.
வயிற்றுவலி மருந்து மாதிரி ஒரு பெயர்.
பின்னால் மூன்று கண்கள்.
ஒன்றை விரலால் மூடினேன், படம் விழுந்தது.
அடுத்ததை மூடினேன், அதே படம்.
மூன்றாவதை மூடியதும்தான் இருட்டு.
மற்ற இரண்டும் திருஷ்டிப் பொட்டு.
கழி.

வெயிலுக்குக் கொண்டுபோனேன்.
முதலில் தெரிந்தது என் முகம்,
வெளிச்சத்தைக் கூட்டிய பிறகு எழுத்து.
பாதி கழி.
மணி அடிக்கவிட்டேன்.
எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது.
ஆலை இரைச்சலிலும் கேட்கும்,
இதைக் கழிக்க முடியவில்லை.

கடையின் பின்பக்கம் திரை மாட்டும் அஸ்மியிடம்
செத்த கைப்பேசிகள் போட்ட பிஸ்கட் டின்.
கொட்டிப் பார்த்தேன்.
பெரிய பெயர்க்காரிகள் பதினேழு.
ஸெல்மோரா ஒன்றுகூட இல்லை.

இதை எப்படிப் படிப்பது?
நிறையச் செத்திருந்தால் நிறைய வாழ்ந்தும் இருக்கும்.
ஒன்றுமே சாகவில்லை என்றால்
சாகாத சாதியா,
இந்த ஊரில் பிறக்கவே இல்லையா?
“திரை உடைந்தால்?” என்றேன்.
“கோலாலம்பூரிலிருந்து வரணும், மூணு வாரம். வந்தா.”
அந்த ‘வந்தா’வுக்கு
அறுபது வெள்ளி என்று எழுதிக்கொண்டேன்.

நாலு ஏக்கர் பாக் சமாட்டின் வண்டியில்
பெயர்ப்பலகை கிடையாது.
பழம் பழுத்திருக்கும், தண்டு ஒட்ட வெட்டியிருக்கும்.
பலகை போட்ட கம்பெனி லோரிகளில்
பச்சைக் காய் எண்ணி அலுத்திருக்கிறேன்.
ஆனால் பாக் சமாட்டைப் பதினோரு வருஷமாய்த் தெரியும்,
ஸெல்மோராவைப் பதினோரு நிமிஷமாய்.

கொதிகலன் பக்கம் வேலை செய்யும் ரஃபிகுல்
இதே மாதிரி ஒன்று வைத்திருந்த ஞாபகம்.
உப்பிய கைப்பேசியை உள்ளங்கையில் ஏந்தி அழைத்தேன்.
மலாயில் சொன்னான்:
ஒன்றரை வருஷம் ஆச்சு, அக்கா,
இரண்டு தடவை எண்ணெயில் விழுந்தது.
ராத்திரி முழுக்க ஊரோடு பேசினாலும்
காலையில் பாதி சார்ஜ் மிச்சம்.
வாங்கிய நாளில் இருந்ததுதான் உள்ளே,
புதுசாய் ஒன்றும் அனுப்பவில்லை அந்தக் கம்பெனி.
பேங்க் ஆப் மட்டும் இப்போ முறைக்குது.

அந்த முறைப்பில்தான் அதிக நேரம் நின்றேன்.
சம்பளத்தை நான் மிஷினில்தான் எடுக்கிறேன்.
இந்த வருஷம் வரைக்கும்.
வாங்கினேன்.

திங்கள் காலை, வரிசை இல்லாத ஐந்து நிமிஷம்.
அறுபது டன் மேடையின் நடுவே
அதைத் தனியாய் வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தேன்.
பூஜ்யம்.

பிறகு ஜீவனேசன் ஏறினான்.
ஜன்னலில் எட்டி, “என்ன பிராண்டு கா இது,
கேள்விப்பட்டதே இல்ல, எப்படி இருக்கு?”

“மார்ச்சில் வந்து கேள்” என்றேன்.
“இப்போ அந்தத் தண்ணி ட்ரம்மை இறக்கு.”