வெறுஞ்சத்தம்

கார்த்திகை மழை விடாமல் அடித்த இரவு
ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள்.
தவநேசன். நாற்பத்தாறு. இணுவில்.
நாலு நாள் காய்ச்சல், நடுக்கம்,
மூச்செடுத்தால் வலப்பக்கம் ஊசி ஏறுகிற குத்து,
லேஞ்சியில் துருநிறச் சளி.
"பனடோலைப் போட்டுப்போட்டு வேலைக்குப் போனவர், மிஸ்.
கனடாக்காரற்ற வீடு. தையில குடிபூரல்"
என்றான் ஓட்டோக்காரன், தலையைத் துவட்டியபடி.

மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்துநாலு.
விரலில் மாட்டிய சின்னப்பெட்டி எண்பத்தாறு காட்டியது.
"இண்டைக்கு என்ன கிழமை?"
"வெள்ளி."
செவ்வாய்.
அந்தப் பிழைக்கும் எங்கள் கணக்கில் ஒரு புள்ளி உண்டு.
மூச்சுக்கு இன்னொன்று.
யூரியா ஆய்வுகூடத்திலிருந்து வரவேண்டும்,
வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

"தொண்ணூற்றொன்பது எண்டு சொல்லுங்கோ."
முதுகில் என் உள்ளங்கை.
"தொண்ணூற்றொன்பது" என்றவர்
மூச்சு வாங்கி, கொஞ்சம் பொறுத்து,
"சதுர அடியோ?" என்று கேட்டார்.
மிஸி சிரித்துவிட்டாள்.
நான் சிரிக்கவில்லை.
வலது அடிப்பக்கத்தில் அந்தச் சொல்
என் கைக்குள் வந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

பிறகு தட்டினேன்.
இடது நடுவிரலைப் பதித்து, வலது நடுவிரலால்,
தோளிலிருந்து கீழ்நோக்கி.
மேலே காற்றின் சத்தம்.
கீழே, சுவர்.
இன்னொருதரம் தட்டினேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"கீழ நல்லாப் பிடிச்சிருக்கு. மேலதான் கோறை."

இருபத்தைந்து வருசம் இவருக்கு இதுதான் தொழில்.
பதித்த ரைலை மோதிரத்தால் தட்டி,
வெறுஞ்சத்தம் கேட்டால் பெயர்த்து,
கலவை நிரப்பித் திரும்பப் பதிப்பது.
"இஞ்ச எல்லாம் மாறி ஐயா" என்றேன்.
"எங்களுக்குக் கோறைதான் வேணும்.
கீழ ஆரோ கலவை நிரப்பியிருக்கினம்."

இரத்தம் எடுத்தோம், கிருமி வளர்த்துப் பார்க்க.
எடுத்த கையோடு மருந்து, நாளத்தில்.
ஒன்றுக்கு அடங்காத கிருமிக்கென்று இரண்டாவது.
முகத்தில் ஒக்சிசன் மூடி.
நிமோனியா என்று எழுதிக் கோடு கீறினேன்.
மூன்றாம் நாள் காய்ச்சல் விழுந்தது.
பிளேன்ரீயும் பாணும் கேட்டார்.
கேட்காமலே கிழமையைச் சரியாகச் சொன்னார்.

ஆனால் அந்த எக்ஸ்ரேயை நான் முழுதாக வாசித்திருக்கவில்லை.
கீழே கிடந்த வெள்ளைத் திட்டு
கண்ணை முழுதாக எடுத்துக்கொண்டது.
பெரிய டொக்டர் பேனையை மேலே கொண்டுபோனார்:
இரண்டு பக்கமும், உச்சியில்,
குரக்கன் கைதவறிச் சிந்தினாப்போல்.
"இவருக்கு என்ன தொழில்?"
மேசன் என்று ஒரு சொல் எழுதியிருந்தேன்.
எதை வெட்டுகிறார், கதவு திறந்தா பூட்டியா,
எத்தனை வருசம்,
ஒன்றும் கேட்கவில்லை.

காசமோ என்று சளியை அனுப்பினோம்.
இரண்டு காலையும் இல்லை என்று வந்தது.
இல்லை என்ற பதிலுக்கு
இவ்வளவு சின்னச் சந்தோசம்தான் என்று
அன்றைக்குத் தெரிந்தது.

தை பிறந்து கிளினிக்குக்கு வந்தார், தாடி மழித்து.
தட்டினேன். அடிவரை காற்று.
"இப்ப கோறை!" என்றார், பரீட்சை பாசான பிள்ளைமாதிரி.
புதுப் படத்தைத் தூக்கிக் காட்டினேன்.
கீழே துலங்கிவிட்டது.
மேலே குரக்கன் அப்படியே.
கல்லுத்தூள், அது போகாது,
கரைக்கிற மருந்து உலகத்திலேயே இல்லை,
இனி ஏறாமல் பார்க்கத்தான் முடியும் என்றேன்.
தண்ணி விட்டு வெட்டுங்கோ. லேஞ்சி கட்டினால் காணாது.
"தண்ணி விட்டாச் சேறு. வீட்டுக்காரர் கத்துவினம்."
வெட்டாமலே விட்டால் இன்னும் நல்லது.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

துண்டில் எழுதிக் கொடுத்தேன்: தூசில்லாத வேலை.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதை எந்தப் பாமசியில எடுக்கலாம், மிஸ்?"
மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார்,
தட்டைப் பென்சிலுக்குப் பக்கத்தில்.

வெளியே, புதுக் கட்டடத்தில்,
கட்டர் ஒன்று கத்தத் தொடங்கியது.
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
"பிளேட் தேஞ்சுபோச்சு" என்றார்,
எழும்பி யன்னலைச் சாத்திவிட்டு.