தோலால் குடிப்பவை

கீழவாசல் நைனா முகமது
பாதி விலைக்குத் தந்தார் தொட்டியை.
"வெள்ளைப்புள்ளி வந்துச்சு, மருந்து ஊத்துனேன்.
மீனுக்குன்னா ரெண்டு அலசு போதும்மா."
தவளைக்கு என்றேன்.
சில்லறை எண்ணிய விரல் நின்றது.

பாலத் தூணுக்குத் தோண்டிய குழியில்
மழைத்தண்ணீரோடு கிடந்தவை.
வெள்ளிக்கிழமை கான்கிரீட் என்றார் மேஸ்திரி.
வியாழன் மாலை, தேநீர் வடிகட்டியால்
பதினாலு தலைப்பிரட்டைகள்
என் குளியல் வாளிக்கு வந்தன.
அன்றிலிருந்து குடத்தில் மொண்டு குளிக்கிறேன்.

மருந்தென்றால் செம்பு.
செம்புக் குடத்துத் தண்ணீர் நல்லதென்று
மூன்றாம் வீட்டுக்காரர் தினம் குடிக்கிறார்.
கசந்தால் அவரால் துப்ப முடியும்.
இவற்றுக்கு உடம்பு முழுக்க வாய்,
மூட உதடில்லை.

கூழாங்கல்லைத் தெருப்பள்ளத்தில் கொட்டினேன்.
பஞ்சையும் எறிந்தேன்,
குடித்ததை அது முழுசாகக் கக்காது.
மூலைப் பசையில் நீலம் ஊறியிருந்தது.
பிளேடால் சுரண்டிப் புதுப் பசை வைத்தேன்.
ஒரு வாரம் வீடெங்கும் காடி வாடை.
சோப்பைத் தொடவில்லை.
நிரப்பினேன், கவிழ்த்தேன்,
நிரப்பினேன், கவிழ்த்தேன்,
பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயிலில்
வில்லாபுரம் மொட்டைமாடியில் வைத்தேன்.
குளோரின் பறக்கட்டுமென்று
மாநகராட்சித் தண்ணீரை
இரண்டு நாள் திறந்து போட்டேன்,
ஒரு பை அடுப்புக்கரியோடு அல்ல,
மீன்கடைக் கரியோடு.

இனி நஞ்சில்லை என்று யார் சொல்வது?
மாடிச் சிரட்டையிலிருந்து
ஒன்பது கொசுப்புழுக்களை அழைத்து வந்தேன்.
நாலு நாள்
தலைகீழாகத் தொங்கி நெளிந்தன.
சாட்சி சொல்லிவிட்டன.

ஐந்தாம் நாள் காலை டார்ச்சோடு
டெங்கு வேலைக்கு வந்தாள் இருளாயி.
நான் பாலுக்குப் போயிருந்தேன்.
திரும்பி வந்தபோது
அளவுக் குவளை காலியாக இருந்தது.
"புழு வச்சிருக்கீங்கக்கா. அபராதம் போடணும்.
போடல."

அவள் மேல் தப்பில்லை.
பக்கத்துத் தெரு தவமணியின் பையன்
பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தட்டு எண்ணிக்கொண்டு கிடக்கிறான்.
வாளியைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.
"கொசுவைத் திங்குமா?"
பெரிசானால்.
"எப்பப் பெரிசாகும்?"
ஒன்றுக்கு மட்டும் பின்னங்கால் இருந்தது,
அறுந்த நூல்நுனி போல.
அதைக் காட்டினேன்.
"மேல வலையாச்சும் கட்டுங்கக்கா" என்றபடி
மருந்துக் கேனை இறுக்கி மூடினாள்.

தொட்டியை மறுபடி கவிழ்த்தேன்.
சுவரில் சாக்கட்டியால்
அவள் எழுதிய தேதிக்குக் கீழே
எழுதி வைத்தேன்:
முதல் அலசல்.