முப்பத்தொன்று

திருச்செங்கோட்டு ரிக்கில் நிற்கிறவனுக்கு
முள் எங்கே நிற்கிறதென்று
காதாலேயே தெரியும்.
முந்நூறில் ஒரு இரைச்சல்,
முந்நூற்றைம்பதில் வேறு.
கண்ணுக்குள் முள் ஏறியது மட்டும்
சத்தமே போடவில்லை.

ராய்ப்பூருக்கு அந்தப்பக்கம் ஒரு வயலில்
கேசிங் பைப் இடதுபுறமாய் ஆடி வந்ததை
சுக்தேவ் கத்திய பிறகுதான் பார்த்தேன்.
பார்த்தேன் என்பதும் பொய்.
குனிந்தேன்.

ஈரோட்டில் மோவாயை வைக்கச் சொன்னார்கள்.
புஸ்ஸென்று ஒரு காற்று, திறந்த கண்ணில்.
"முப்பத்தொண்ணுங்க" என்றது அந்தப் பொண்ணு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
லாரி டயரில் அவ்வளவுதான் இருந்தால்
பங்க்சர் கடை தேடுவேன்.

டாக்டர் நாகேஸ்வரி சிரிக்கவில்லை.
கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்குமாம்;
அழுகிற நீர் இல்லை, அது வேறு.
கருவிழியோரத்து மூலையில் ஒரு சல்லடை,
அதில் வடிந்து ரத்தத்தில் சேரணும்.
என் சல்லடை இறுகிப்போச்சு.
ஊற்று நிற்கவில்லை, போக்கு இல்லை.
பின்னால் நரம்பு நசுங்குகிறது,
பார்வை ஓரத்திலிருந்து உதிர்கிறது.

"போனது திரும்பாதுங்களா?"
"திரும்பாதுங்க."
எண்ணூறடி இறக்கியும்
புகை மட்டும் வந்த குழியைப் பற்றித்
தோட்டத்துக்காரரிடம் நானும்
இப்படித்தான் சொல்வேன்,
தரையைப் பார்த்துக்கொண்டு.
அந்தம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

சொட்டு மருந்து எழுதினார்.
உள்ளே போய் நைட்ரிக் ஆக்சைடு என்று
ஒரு வாயுவை அவிழ்த்துவிடுமாம்.
அது பட்டால் சல்லடை இளகும், நீர் வழி காணும்.
நல்ல கண் தனக்குத்தானே
செய்துகொள்ளும் சரக்குதான்.
சில நொடி ஆயுசு.
"உங்க டீசல் புகையில இருக்கறதும் அதேதானுங்க.
அங்க நஞ்சு.
இங்க துளியில ஒரு துளி."

இருபத்திரண்டு வருஷம்
காற்றை மண்ணுக்குள் அடித்துத்
தண்ணீரை வெளியே தள்ளியவன்.
ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்.
இங்கே அதே வேலை
கோகிலா தூக்கத்தில் புரள்கிற சத்தத்தைவிட
மெதுவாக நடக்கிறது.

ராத்திரி ஒன்பதரைக்கு அவள்தான் விடுகிறாள்.
கண் கொஞ்சம் சிவக்கிறது.
இமைமுடி நீளுமாம் என்றேன்.
"அப்ப எனக்கும் ரெண்டு சொட்டு" என்கிறாள்.
நான் அண்ணாந்து, மூக்கோரத்தை விரலால் அழுத்தி,
இரண்டு நிமிஷம் எண்ணுகிறேன்.

போன வாரம் பத்தொன்பது.
தை பிறந்தால் வண்டி கிளம்பும்.
சுக்தேவுக்கு போன் போட்டுச் சொல்லணும்,
இனிமேல் என் இடதுபக்கம் நில்லு என்று.
ஏன் என்று கேட்பான்.