பின்னிருக்கையின் அச்சு

இரண்டு சென்டிமீட்டர் கிழிசல்.
ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம்,
பின்பாக்கெட்டில் சாவிக்கொத்து வைத்திருப்பவர்
இறங்கும்போதெல்லாம் உரசுகிற இடம்.
பக்கத்து இருக்கையில் ஒரு சிகரெட் சூடு, மிளகளவு.

"மொத்தமா உரிச்சிட்டுப் புதுசு போட்டா
உங்களுக்கும் சுலபம், எனக்கும் நாலு காசு"
என்கிறார் தவுக்கே பெங்.
சவரிராயன் தலையாட்டி மறுக்கிறார்.
எழுபத்தொன்றில் காடியோடு வந்த தோல்.
தோல் இல்லை, வினைல்தான்.
கை அதைத் தோல் என்றே நம்புகிறது.

"கிழிசல் மட்டும் போதும்மா.
சூட்டை விட்டுடு. அது ரோஸ்லின் வச்சது."

ஜெலுத்தோங் வெயில் தகரக்கூரையில் படபடக்கிறது.
இடுக்கியால் துணித்துண்டை உள்ளே நுழைக்கிறேன்,
கல்யாண வீட்டில் மடித்த நோட்டை
உள்ளங்கைக்குள் திணிப்பதுபோல்.
பசை. பொறு. மறுபடி பசை.
சூடு கூடினால் வினைல் பளபளத்துவிடும்;
பளபளத்த இடம் பொய் சொன்ன முகம்,
தெருவுக்கே தெரியும்.

மேலே ரேகை வேண்டும்,
அந்தப் பொடிப்பொடிச் சுருக்கங்கள்.
முன்னிருக்கைகள் தேய்ந்து வழுவழுத்துக் கிடக்கின்றன.
பின்னால் போய்ப் பார்த்தேன்.
ஐம்பது வருஷம், ஒரு கீறல் இல்லை.
பிஸ்கட் தூள் இல்லை, பேனா மை இல்லை,
முன்சாய்வின் முதுகில்
உதைத்த சப்பாத்தின் தடம்கூட இல்லை.

"பின்னாடி யாருமே உக்காரலையா அங்கிள்?"
கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பாசார் சாமான் வைப்போம்."

அங்கேதான் அச்செடுத்தேன்.
சிலிக்கோன் இறுகும் பத்து நிமிஷமும்
உள்ளே உட்காராமல்
கதவோரம் குந்தியிருந்தேன்.

நிறம்தான் படுத்தியது.
பாலிக் பூலாவ் ஜாதிக்காய் ஊறலின் பழுப்பு வரைக்கும்
ஒழுங்காக வந்தது;
அதற்கப்புறம் வெயில் தின்ற மிச்சம் இருக்கிறதே,
அது எந்த டப்பாவிலும் இல்லை.
மூன்று தடவை துடைத்தெறிந்தேன்.
நாலாவதில் ஒரு சொட்டுச் சாம்பல் கூடுதல்.
மத்தியான வெளிச்சத்தில் தெரியாது,
சாயங்காலம் எனக்குத் தெரியும்.

மழை வருவதற்குள் காய்ந்துவிட்டது.
"தொட்டுப் பாருங்க" என்றேன்.
அவர் தொடவில்லை.
குனிந்து ஒருதரம் பார்த்து, முன்கதவைச் சாத்தி,
பின்கதவைத் திறந்து
மெதுவாக உள்ளே போய் உட்கார்ந்தார்.

ஸ்பிரிங் ஒருமுறை முனகியது,
பழக்கமில்லாததுபோல.
தவுக்கே பில்லில் இருந்து தலை நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்.
நான் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே துடைத்த இடுக்கியை.